உயிரணுவின் மரணம் தியாகமா?

பாக்டீரியா உடலுக்குள் நுழையும்போது அதை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களில் பல தாமே மடிகின்றன. இந்த மரணம் ஒரே வகையானது அன்று. 1972இல் பெயரிடப்பட்ட அப்போப்டோசிஸ் அமைதியான சாவு. அணு சுருங்கித் துண்டுகளாகிறது. பிற அணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. பொதுவாக அழற்சி எழுவதில்லை. பைரோப்டோசிஸ் என்னும் மற்றொரு வகைச் சாவு இதற்கு நேர்மாறு. கேஸ்டெர்மின்-டி என்னும் புரதம் அணுச்சவ்வில் துளையிட, அணு உப்பி வெடிக்கிறது. உள்ளே ஒளிந்திருந்த கிருமி புகலிடத்தை இழக்கிறது. வெளியேறும் வேதிப்பொருள்கள் மற்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் தம் டிஎன்ஏவையே வலையாக விரித்துக் கிருமிகளைச் சிக்கவைப்பது 2004இல் தெரியவந்தது.

இதைத் தியாகம் எனலாமா? தியாகத்துக்கு வேண்டியவை இரண்டு: தன்னை அறிதல், மறுக்கும் வாய்ப்பு. அணுவுக்கு இரண்டும் இல்லை. உயிருள்ள உடலில் ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றுக்கு நோக்கமாகவும் கருவியாகவும் அமைகிறது என்று தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790இல் வாதிட்டார். அணுவின் சாவும் அத்தகைய உறவின் பகுதியே. அதை நிலைநிறுத்தியது இயற்கைத் தேர்வு. அணுவின் விருப்பம் அன்று.

அந்தச் சாவு எப்போதும் நன்மை தருவதும் இல்லை. அழற்சி அளவு மீறினால் செப்சிஸ் என்னும் நிலையில் உறுப்புகள் செயலிழக்கின்றன. காசநோய்க் கிருமியோ, தான் குடியிருக்கும் அணுவின் அமைதியான சாவைத் தடுத்துப் பிழைக்கிறது. ஆகவே மரணம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அளவும் காலமுமே அதற்குப் பயன் தருகின்றன. தியாகம் என்னும் சொல், அறிந்தே தன்னை ஈயும் மனிதருக்கே உரியது.