மறத்தலும் மறவாமையும்

பொறையுடைமை அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலினும் மறத்தலுக்கே உயர்ந்த இடம் அளிக்கின்றார். தனி மனிதனுக்கு இவ்வறம் பொருந்தும். ஒரு சமுதாயத்துக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கும் இது பொருந்துமோ? இவ்வினாவுக்கு விடை தேட, ஐரோப்பாவிலுள்ள ஒரு குகைத் தேவாலயம் நமக்குத் துணை செய்கின்றது.

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில், டான்யூப் ஆற்றங்கரையில் கெல்லேர்ட் குன்று நிற்கின்றது. அதன் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. முற்காலத்தே துறவி ஒருவர் அங்குள்ள குகையில் தங்கி, அந்நீரைக் கொண்டு நோயாளரைக் குணப்படுத்தினார் என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. பிரான்சு நாட்டு லூர்து குகையை முன்மாதிரியாகக் கொண்டு, 1926ஆம் ஆண்டில் அக்குகை கத்தோலிக்கத் தேவாலயமாக உருப்பெற்றது. ஹங்கேரி மண்ணிலேயே தோன்றிய பவுலின் சபைத் துறவியர்க்கு அதன் அருகிலேயே மடமும் அமைந்தது. மேலே பாறையே கூரை. சுற்றிலும் பாறையே சுவர்.

1951ஆம் ஆண்டில், அன்றைய கம்யூனிஸ்டு அரசின் இரகசியக் காவல் துறையினர் அங்கே புகுந்து துறவியரைக் கைது செய்தனர். மடத்தலைவர் ஃபெரென்ட்ஸ் வெசேர் மரண தண்டனைக்கு உள்ளானார். மற்றவர் பல்லாண்டு சிறைப்பட்டனர். குகை வாயில் தடித்த கான்கிரீட் சுவரால் அடைக்கப்பட்டது. 38 ஆண்டுகள் கழிந்து, 1989இல் அச்சுவர் தகர்க்கப்பட்டது. எனினும் அதன் ஒரு துண்டு இன்றளவும் அங்கே விட்டு வைக்கப்பட்டுள்ளது.

ஏன் அதனையும் அகற்றவில்லை? மன்னிப்பைப் போதிக்கும் இடத்தில் பழைய கொடுமையின் சின்னம் எதற்கு? அது பகையை வளர்க்காதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானதே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனக்குச் செய்த தீங்கை நான் மறக்கலாம். அது என் பெருந்தன்மை. கொல்லப்பட்டவனுக்குச் செய்த தீங்கை அவன் சார்பில் மறக்க எனக்கு உரிமை தந்தவர் யார்? அவ்வாறு மறப்பது பெருந்தன்மை அன்று. அவனை இரண்டாம் முறை புதைப்பதே ஆகும்.

பகை ஆளைத் தேடும். நினைவோ செயலைச் சுட்டும். அச்சுவர்த் துண்டு எவரையும் பழிவாங்கச் சொல்லவில்லை. இத்தகைய செயல் இங்கே நடந்தது, இனி நடத்தலாகாது என்று மட்டுமே சொல்கின்றது. அதன் அருகிலேயே வழிபாடும் நடைபெறுகின்றது. பொறுத்தலும் மறவாமையும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிறந்த ஊரை விட்டு வந்து, பிள்ளைகளுக்குப் பழங்கதை சொல்லி வளர்க்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முன்னோர் பட்ட துன்பத்தை மறைக்காமல் சொல்வோம். அதனோடு சேர்த்து நம் வெறுப்பையும் அவர்கள் கையில் கொடுக்காதிருப்போம். வரலாற்றை அறிதல் அவர்கள் உரிமை. பகையின்றி வாழ்தலும் அவர்கள் உரிமையே.