நிழலைப் பங்குவைத்தது யார்?

கடலாடி வட்டம் வாலிநோக்கம் பக்கத்து அளங்களில் சித்திரை வெயிலில் நம் பெண்கள் உப்பு வாருகிறார்கள். 'தண்ணி நிறையக் குடிங்க, பன்னெண்டு மணிக்கு மேல வெளிய போகாதீங்க' என்பது அரசின் அறிவுரை. யாருக்கு இது? ஒதுங்க ஒரு மறைப்பில்லாத பொட்டலில், தாகம் தெரிந்தே தண்ணியைத் தள்ளிப்போடுகிறாள் அவள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அப்படித்தான் வருகின்றன.

கேரளத்தில் கோடையில் 12 முதல் 3 மணிவரை வெயில்வேலை கூடாதென்று தொழிலாளர் துறை முதலாளிக்கு உத்தரவு போடுகிறது. இங்கே பொறுப்பு கூலிக்காரியின் தலையில். வெயில் இயற்கையாம்; இருக்கட்டும். நிழலைப் பங்குவைத்தது யார்?

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வாங்க வேண்டியதுதான். ஆனால் அந்த உடம்பு உயிரோடிருக்கையில் ஒரு கொட்டகையும் கக்கூசும் கூலிபிடிக்காத மூணுமணி நேரமும் கேட்டால், சலுகை கேட்கிறோம் என்கிறார்கள்.