தானமா, கடனா?

கோசாம்பி அரசன் உதயணனின் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்த கதை பௌத்தர்களின் விநய நூலில் வருகிறது. ஒரு துறவிக்கு இத்தனை எதற்கு என்று அரசன் கேட்கிறான். கந்தல் உடுத்திய துறவிகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறார் ஆனந்தர். கந்தல் என்னவாகும்? விரிப்பாகும், பிறகு மெத்தை உறையாகும், தரைவிரிப்பாகும், கால் துடைக்கும் துணியாகும். கடைசியில் நைந்ததை இடித்துக் களிமண்ணோடு பிசைந்து பூசுவோம் என்கிறார். வாங்கிய பொருளுக்கு அதன் முடிவு வரை பொறுப்பேற்பதுதான் அந்தப் பதிலின் சாரம். ஆனால் பருத்தி மண்ணோடு மண்ணாகிவிடும். பால் கவர் ஆகாது. எனவே வீட்டுப் பிளாஸ்டிக்கை ஊர் நன்மைக்குக் கொடுக்கும்போது நாம் செய்வது என்ன என்ற கேள்விக்கு ஆனந்தரின் பதில் மட்டும் போதாது. அதைத் தானம் என்று நினைத்துக்கொள்வது தவறு என்பது என் எண்ணம். தன்னிடம் இருந்தால் தனக்குப் பயன்படும் ஒன்றைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே தானம். கழிந்தால் போதும் என்று நினைக்கும் பொருளைக் கொடுப்பதில் இழப்பு ஏது? வாய்க்கால் அடைபட்ட ஊருக்கும், கவரைத் தின்ற மாட்டுக்கும் நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி அடைகிறது, அவ்வளவே.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட சாலை முறையை எடுத்துக்கொள்வோம். இந்தப் பணிக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஜல்லியை ஏறத்தாழ 160 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படியும். அதன் பிறகே தார் சேர்க்கிறார்கள். ஒற்றைத் தடச் சாலையில் கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் செலவாகிறது, தாரும் அந்த அளவுக்கு மிச்சமாகிறது. ஊருக்கு இது கண்கூடான நன்மை. ஆனால் பி.வி.சி. கலந்தால் சூட்டில் நச்சு வாயு வரும்; ஆகவே யாராவது ஒருவர் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். புளித்த பாலும் குழம்பும் ஒட்டிய கவர்களைக் கழுவிக் காயவைத்து வெட்டவும் வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் தூய்மைப் பணியாளர்கள் தலையில்; அவர்களில் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாக அழுக்கைச் சுமக்கும்படி சாதி விதித்த மக்கள். புண்ணியம் கொடுத்தவருக்கு, நாற்றம் பிரித்தவருக்கு என்று பங்கு பிரிந்தால் அதை அறம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எந்த நெகிழிச் சாலைத் திட்டத்தையும் அது போட்ட கிலோமீட்டரால் மட்டும் அளக்காமல், அந்தக் கைகளுக்குக் கிடைத்த கையுறையாலும் கூலியாலும் அளக்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பரிகாரம் இருக்கிறது என்று தெரிந்தால் பாவத்துக்குத் துணிவு வராதா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். கொடுப்பதைத் தானமாக நினைப்பவர் நிறையக் கொடுக்க விரும்புவார், அதற்காக நிறைய வாங்கவும் கூசமாட்டார். கடனாக நினைப்பவரோ அடுத்த கடனைத் தவிர்க்கப் பார்ப்பார், துணிப்பையோடு கடைக்குப் போவார். சாலை தேயும்போது பிளாஸ்டிக் துகளும் மண்ணில் சேரும் என்ற அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தெருவோரம் எரிப்பதைவிட இது மேல் என்பதற்கு அப்பால் இந்த முறைக்குப் புனிதம் கற்பிக்கவும் மாட்டேன். உறை செய்து விற்ற நிறுவனத்தை விட்டுவிட்டு வீட்டாரைக் குற்றம் சொல்வதா என்பது மிக வலுவான மறுப்பு. 2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்த நிறுவனங்களையும் பொறுப்பாளிகளாக்கியிருக்கின்றன. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்குண்டு. எனினும் பெரிய கடனாளி ஒருவன் இருப்பதால் சிறிய கடனாளியின் பாக்கி தள்ளுபடி ஆவதில்லை. பால் கவரைக் கழுவிக் காயவைத்துத் தனியே கட்டிக் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்பவரிடம் நன்றியை எதிர்பார்க்காதீர்கள்.