வல்லூறும் கொல்லாமையும்

திண்டுக்கல்லை அடுத்துச் சிறுமலையின் அடிவாரத்தே 1947-ஆம் ஆண்டில் தோன்றியது காந்திகிராமம். கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட காந்தியடிகளின் பெயர் தாங்கிய அவ்வூர்க் கொல்லைகளிலும் வல்லூறு வேட்டையாடுகின்றது. இலைச் செறிவில் அசைவற்றிருந்து, ஓணானையோ அணிலையோ சிறு குருவியையோ நோக்கி அம்பெனப் பாய்கின்றது. தவிட்டுக்குருவிகள் அலறுகின்றன, நொடிப்பொழுதில் ஓருயிர் உகிரிடைத் துடிக்கின்றது. "அருளே வடிவாகிய இறைவன் இதனை ஏன் வகுத்தான்? இப்பறவைக்குக் கொலைப்பாவம் உண்டோ?" என்னும் ஐயம் காண்பார் உள்ளத்தே எழுதல் இயல்பு.

உயிர்கள் தத்தம் வினைக்கேற்பத் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைப் பெறுகின்றன என்பது சித்தாந்தம். வல்லூறு பெற்ற தனு வளைந்த அலகும் கூரிய உகிரும் உடையது. தானியமும் தழையும் அதற்கு உணவாகா. தன் பசியும் குஞ்சுகளின் பசியுமே அதனை ஏவுகின்றன. தக்கது இது, தகாதது இது என ஆராயும் அறிவு விளங்கப்பெறாத பிறவியின்மேல் அறநூலின் விதிவிலக்குகளைச் சுமத்துதல் பொருந்தாது.

அற்றேல், மக்களும் ஊனுண்ணுதலை இயற்கையெனக் கொள்ளலாமே எனின், ஆகாது. மக்கட்கு வேறுணவு உண்டு. ஆராயும் ஆறாமறிவும் உண்டு. தெரிந்து கொள்ளும் உரிமை எங்குளதோ, அங்கே பொறுப்பும் உளது. அப்பொறுப்பு எத்துணைப் பெரிதென்பதற்குச் சான்றொன்று காண்க. மாடுகளின் நோவு தணிக்க இட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. கால்நடைகளுக்கென அதனை ஆக்குதலை இந்திய அரசு 2006-ஆம் ஆண்டில் விலக்கியது. கொல்லும் எண்ணமின்றியே நேர்ந்த கேடு அது.

ஆயின், வேட்டையைக் காண்போர் கல்லெறிந்து வல்லூற்றை வீழ்த்துதல் அறமாமோ? சிபி வேந்தன் புறாவைக் காத்தான், பருந்தைக் கொன்றானல்லன். அதன் பசியும் மெய்யென்றுணர்ந்து தன்னுடலையே ஈந்தான். அருள்செய்ய விழைவோர் அதற்குரிய விலையைத் தம்மிடமிருந்தே கொடுத்தல் வேண்டும். பிறிதோருயிரைப் பறித்துக் கொடுத்தலாகாது. தன் உழைப்பால் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்துக் காக்கும் இல்லத்தாள் அவ்வேந்தன் நெறியிற் சிறிது நடக்கின்றாள்; வல்லூற்றின் கூட்டைக் கலைப்போர் அந்நெறி அறியார்.

துடிக்கும் குருவிக்கு இரங்குக. பசித்த வல்லூற்றையும் பகையாதொழிக. கொல்லாமை நோன்பு வல்லூற்றுக்கு விதித்ததன்று. அதனைப் பார்த்து நிற்பார்க்கே விதித்தது.