காலிப்பரைக் கையில் எடு!

"எனக்கு டிசைன் எல்லாம் வராது" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடு. வராது என்று உனக்கு யார் சொன்னது? எப்போது முயன்று பார்த்தாய்?

உன் மேசைமேல் குளூம்ஹேவன் என்ற பலகை ஆட்டத்தின் பெட்டி இருக்கிறது. கிட்டத்தட்ட பத்துக் கிலோ கனம். 95 சாகசங்கள், 17 வகை வீரர்கள், 1,700-க்கும் மேற்பட்ட சீட்டுகள், அரக்கர்களின் அட்டை உருவங்கள், காசு, காயம், விஷம் என்று கைப்பிடி கைப்பிடியாக டோக்கன்கள். எல்லாவற்றையும் ஜிப் கவர்களில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்திருக்கிறாய். ஆறு மணிக்கு நண்பர்கள் வந்தார்கள். ஆறே முக்காலுக்கும் நீ எலும்புக்கூட்டு அரக்கனின் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாய். ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார். இன்னொருவர் "அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்கிறார். நாலு பேரும் சேர்ந்தே ஜெயிக்கிற, சேர்ந்தே தோற்கிற ஆட்டம் அது. அரக்கன் வருவதற்கு முன்பே பெட்டியிடம் தோற்றுப்போனீர்கள்.

இதைச் சரிசெய்ய வேண்டியது யார்? நீதான்! பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கும் அடுக்குத் தட்டுகள், இன்சர்ட் என்கிறோமே, அவற்றை நீயே வரைந்து 3டி பிரின்டரில் அச்சிட வேண்டும். பிறர் வரைந்த கோப்புகள் கிடைக்கும், நல்லவையும் உண்டு. ஆனால் உன் சீட்டுகளுக்கு நீ போட்டிருக்கும் ஸ்லீவின், அந்தப் பிளாஸ்டிக் உறையின், அளவு அவர்களுக்குத் தெரியாது. உன் நண்பர்கள் எதை முதலில் கேட்பார்கள் என்பதும் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்.

என் முதல் தட்டின் கதையைச் சொல்கிறேன், கேள். சீட்டின் அகலம் 63.5 மி.மீ. தட்டின் உள்ளகலத்தை 64 என்று வைத்தேன். ஒன்பது மணி நேரம் பிரின்டர் ஓடியது. விடியற்காலையில், சூடு ஆறும் முன்பே தட்டைப் பெயர்த்தெடுத்துச் சீட்டுக் கட்டை இறக்கினேன். இறங்கவில்லை. ஸ்லீவ் போட்ட சீட்டு 66 மி.மீ. அகலம், அதை நான் அளக்கவே இல்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உள்ளே ஒரு குரல், "இதெல்லாம் இன்ஜினியர் வேலை, உனக்கெதற்கு?" என்றது. அந்தக் குரல் உனக்கும் கேட்கும். அதற்குக் காது கொடுத்தால் முதல் தட்டோடு எல்லாம் முடிந்துவிடும். நான் அளவுக் கருவியான காலிப்பரை எடுத்தேன். மறுபடி அளந்தேன். 68 என்று திருத்தினேன்.

அன்றைக்குக் கற்றதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது. முழுத் தட்டையும் அச்சிடாதே. அடிப்பாகம் வேண்டாம், சுவர்களை மட்டும் ஐந்து மி.மீ. உயரத்துக்கு, ஒரு சட்டம்போல அச்சிடு. அரை மணி நேர வேலை. அதற்குள் சீட்டுக் கட்டை விட்டுப் பார். இறுக்குகிறதா? அரை மில்லி கூட்டு. லொடலொடவென்று ஆடுகிறதா? குறை. ஒன்பது மணி நேரத் தோல்வி அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது, பார்த்தாயா! ஒரே மாலைப்பொழுதில் ஐந்து முறை தோற்கலாம், ஐந்து முறை திருத்தலாம். அப்புறம் எதற்குப் பயம்?

ஒரு சீட்டை அளந்து நூறால் பெருக்காதே. நூறு சீட்டை ஸ்லீவோடு அடுக்கி, லேசாக அழுத்திப் பிடித்து அளந்து பார். காற்று புகுந்து கட்டு எவ்வளவு உப்புகிறது என்பது அப்போதுதான் தெரியும். பிளாஸ்டிக் வழியும் துளை, அதுதான் நாசில், 0.4 மி.மீ. என்றால் சுவரை 1.2 என்று வை. மூன்று கோடுகள் அருகருகே ஒட்டி உட்காரும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அரை மில்லி விடு. முதல் அடுக்கில் பிளாஸ்டிக் கொஞ்சம் பிதுங்கும். அதை மறந்தால் தனித்தனியாக நன்றாக இருக்கும் நாலு தட்டுகள் பெட்டிக்குள் ஒன்றாக நுழையாது. டோக்கன் கிண்ணத்தின் அடியை வளைவாக்கு. சதுர மூலையில் ஒட்டிக்கொண்ட காசை நகத்தால் கிள்ளி எடுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும். வளைவான அடியில் விரல் பட்டாலே காசு சரிந்து மேலே ஏறி வரும். சீட்டுத் தட்டின் முன்சுவரில் விரல் நுழையப் பிறைபோல ஒரு வெட்டு கொடு. பெட்டியை அலமாரியில் நிமிர்த்தி வைப்பவனா நீ? கிண்ணங்களுக்கு மூடி போடு. பி.எல்.ஏ. ஃபிலமென்ட்டில் செய்ததை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதே. 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது இளகிக் கோணிவிடும்.

இதில் எது உன்னால் ஆகாதது? அளப்பதா? கூட்டிக் கழிப்பதா?

பிரின்டர் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று ஒதுங்கவும் செய்யாதே. 1988-இல் அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்ற பொறியாளர் தன் மகளுக்குத் தவளை பொம்மை செய்து தர உட்கார்ந்தார். பசைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் கலந்து, உருக்கி, அடுக்கடுக்காகப் படியவிட்டார். உன் பிரின்டர் இன்றைக்குச் செய்யும் வேலை அங்கே பிறந்தது, ஒரு குழந்தையின் பொம்மைக்காக! 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் எந்திரம் அது. அதன் வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். கிரம்ப்பின் காப்புரிமை 2009-இல் முடிந்தது, விலை சரிந்தது, எந்திரம் வீடு தேடி வந்தது. உனக்காக இத்தனை பேர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், நீ வாசலில் நின்று தயங்குகிறாய்.

குளூம்ஹேவனை வடிவமைத்த ஐசக் சில்ட்ரெஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பலகை ஆட்டம் செய்ய அவருக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்? 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஆதரவு கேட்டபோது ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் முன்வந்தார்கள். 2017-இல் இரண்டாம் அச்சுக்கு 40,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

அளவு சரியாக வந்துவிட்டதா? இனிமேல்தான் உன் திறமை பேச வேண்டும். கூடி ஆடும் ஆட்டத்துக்குத் தட்டு செய்கிறாய். கூடுபவர்களைப் பார்த்துச் செய். அவரவர் வீரனுக்கு அவரவர் தட்டு. அதைத் தூக்கினால் சீட்டு, காசு, உயிர்ப்புள்ளி எண்ணும் சக்கரம் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கண்பார்வை மங்கல். ஒவ்வொரு முறையும் "இது என்ன தட்டு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், கேட்கும்போது குரல் சற்றுத் தாழும். தட்டுகளின் ஓரத்தில் எழுத்தைப் பெரிதாக, விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்து அச்சிட்டேன். இப்போது அவரே தடவிப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். எந்தக் கடையில் கிடைக்கும் அந்தத் தட்டு? பக்கத்தில் உட்கார்ந்து அவர் குரல் தாழ்வதைக் கேட்டவன்தான் அதைச் செய்ய முடியும்.

இன்னும் ஒன்று. 17 வீரர்களில் தொடக்கத்தில் ஆறு பேர்தான் கைக்குக் கிடைப்பார்கள். மற்ற 11 பேரும் மூடிய பெட்டிகளுக்குள். வெளியே ஒரு சின்னம் மட்டும் இருக்கும். உள்ளே யார், என்ன என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. இன்சர்ட் வரைய உட்கார்ந்தபோது என்னைத் திணறடித்த இடம் இதுதான். பார்க்காத ஒன்றுக்கு எப்படி இடம் ஒதுக்குவது? திறந்த ஆறு வீரர்களின் கட்டுகளை அளந்தேன். அதிகத் தடிமனானதை எடுத்துக்கொண்டு, மேலே மூன்று மில்லி கூட்டி, ஒரு காலித் தட்டை அச்சிட்டு வைத்தேன்.

ஆறு மாதம் அது காலியாகவே கிடந்தது. சென்ற மாதம் எங்களில் ஒருவரின் வீரன் ஓய்வு பெற்றான். அதனால் மூடிய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தோம். அவர் சீட்டுகளுக்கு ஒவ்வொன்றாக ஸ்லீவ் போட்டு முடிக்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தட்டை நீட்டினேன். கட்டு வழுக்கிக்கொண்டு இறங்கி, அடியில் 'டக்' என்று உட்கார்ந்தது.

அடுத்த வாரம் ஆறு மணிக்குக் கூடினோம். அவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டார், நாங்கள் எங்களுடையதைத் தூக்கிக்கொண்டோம். ஆறு பத்துக்கெல்லாம் குகையின் முதல் கதவைத் திறந்துவிட்டோம்.