ஆசனத்தில் நிற்றலும் கருத்தில் நிற்றலும்

யோகாசனம் என்றவுடன் உடம்பை வளைத்தலும் முறுக்கலுமே பலர்க்கு நினைவில் எழுகின்றன. வளைத்த உடம்பை நெடுநேரம் அசையாது வைத்திருத்தலும், அவ்வேளையிற் கருத்து எங்கே நிற்கின்றதென்று காண்டலும் கவனிக்கப்படுவதில்லை. இவற்றையே பொருளாகக் கொண்ட பயிற்சியொன்று 'யின் யோகம்' என மேனாட்டில் வழங்குகின்றது. சைவப் பாடசாலை ஆசிரியர்கள் இதனைக் கைக்கொள்ளலாமோ, கொண்டால் அதனை யோகமெனச் சொல்லலாமோ என்பதே நாம் ஈண்டு ஆராய்வது.

'யின்' என்பது சீனச் சொல். தண்மை, அமைதி, ஒடுக்கம் என்பவற்றைக் குறிப்பது. வெம்மையையும் இயக்கத்தையும் குறிப்பது 'யாங்'. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே போலி சிங்க் என்பவர் கற்பித்த முறையிலிருந்து தோன்றி, போல் கிரில்லி, சாரா பவர்ஸ் என்போரால் இது பரவிற்று. யின்னும் யாங்கும் நம் சத்தியும் சிவமுமேயாம் என்பாரும் உளர். அது பொருந்தாது. அங்ஙனம் கூறுதல் நம் நெறிக்கு உயர்வு தாராது. சீனர் நெறிக்கும் நீதியாகாது.

முறை எளிது. இருந்தோ கிடந்தோ ஓர் ஆசனத்தை மேற்கொண்டு, தசைகளை இறுக்காது விட்டு, 3 முதல் 5 நிமிஷம் வரை அசையாதிருத்தல் வேண்டும். உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களைப் புறத்தே விரித்து மெல்ல முன்குனிதல் ஓர் உதாரணம். நெடிய மெல்லிய இழுவை, எலும்புகளைப் பிணைக்கும் கட்டுக்களையும் தசைகளைப் போர்த்த சவ்வையும் சென்றடையும் என்பது இம்முறையார் கருத்து. இடுப்பும் முதுகின் அடிப்பாகமும் நெகிழும்; மூச்சு மெதுவாகி வெளிமூச்சு நீள, நெஞ்சத் துடிப்புத் தணியும். நாள் முழுதும் கரும்பலகை முன் நின்று, மாலையிற் காலி வீதி வழியே பஸ்ஸிலும் நின்றபடி வெள்ளவத்தைக்கு மீளும் ஆசிரியர்க்கு இவை அற்பப் பயன்களல்ல. சுவீடனில் 105 பேரைக் கொண்டு நடாத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, 5 கிழமை இதனைப் பயின்றோரின் மனநலம் மேம்பட்டமை காணப்பட்டது. ஓராய்வினால் எல்லாம் நிறுவப்பட்டதென நாம் கொள்ளோம்.

இனி, இவ்வளவும் உடம்பின் பயனேயன்றோ என்று வினவலாம். 1897 ஜனவரி 15ஆந் திகதி கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகள், அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த தமது இராஜயோக நூலிலே, உடற்பயிற்சியளவில் நிற்கும் ஹடயோகத்தைப் பெரிதாக மதித்திலர். அவர் பெயரால் 1902இல் தோன்றிய சபை கொட்டாஞ்சேனையில் இன்றும் உளது. அவர் தீர்ப்பை நாம் பாதியளவே ஏற்கின்றோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரிக்குங்கால், இயம நியமங்களின் பின்னும் பிராணாயாமத்தின் முன்னும் ஆசனத்தை வைத்தார். ஒழுக்கம் முன்னதாகவும் உயிர்ப்பு பின்னதாகவும் நிற்க, நடுவிலுள்ள உடம்பு படியாகின்றது. படியை வீடென்பதும் பிழை. படியே வேண்டாவென்பதும் பிழை.

இப்படியின் அருமை மூன்றாம் நிமிஷத்தில் விளங்கும். தொடையில் இழுவை மிகும், மூக்கு நமைக்கும், மணிக்கூட்டைப் பார்க்கக் கண் விழையும். எழுந்த விழைவுக்கு உடனே பணியாமலும் அதனோடு போராடாமலும் அது எழுவதையும் தேய்வதையும் அறிந்துகொண்டிருத்தலே இங்குள்ள பயிற்சி. உடம்பை அசையாது வைத்து மனத்தைச் சம்பளக் கணக்கில் உலாவவிட்டவர் கட்டுக்களை இளக்கினாராவர். அதற்குமேல் ஒன்றும் செய்திலர். ஒரே கணக்கை நான்காம் முறையும் பிழையாகச் செய்த மாணாக்கன் முன் நிற்கும்போது, கோபம் எழுதற்கும் கை ஓங்குதற்கும் இடையிலுள்ள வெளி மிகச் சிறிது. அவ்வெளியை அகலமாக்கும் எதுவும் ஆசிரியர்க்கு வேண்டுவதே. அவ்வகலம் பிள்ளையின் முதுகுக்கு நலமாகும். ஆசிரியரின் ஆன்மாவுக்கும் நலமாகும். யோகம் என்னும் பெயருக்கு இம்முறை உரித்தாவது இவ்வளவினாலேயே.

மூட்டு நோயுடையோரும் கருவுற்ற மாதரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. குத்தும் வலியோ மரத்தலோ தோன்றின் உடனே விடுக. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாயின் ஒரு நிமிஷமே அமையும். யார் அதிகம் வளைந்தார் எனப் பரிசு வைத்தல் வேண்டா. வைத்தால், பிள்ளை தன் மூச்சை விட்டு அடுத்த பிள்ளையின் முழங்காலையே பார்த்திருக்கும்.