வேதிகையின் உடம்பு

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில், பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்களுக்கு நெய் தருவார்கள். சுகப்பிரசவம் வேண்டிப் போகிறவர்களுக்கு விளக்கெண்ணெய். நான் இரண்டும் வாங்கியிருக்கிறேன். நெய்யை நானும் அவரும் 48 நாள் சாப்பிட்டோம். மறுவருஷம் வலி எடுத்தபோது எண்ணெயை அடிவயிற்றில் தடவிக்கொண்டேன். பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். கர்ப்பிணி இருக்கும் வீடுகளில், நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். இரண்டுக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

பிள்ளை பெற்று முடித்தவள் அந்தச் சந்நிதியில் தன் கர்ப்பப்பைக்காக என்ன கேட்பாள் என்று மட்டும் நான் யோசித்ததில்லை. என் பெரியம்மா இறந்த பிறகுதான் யோசித்தேன்.

பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. விடிகாலையில் குளித்துப் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் காபி குடிப்பார். ஓர் ஆடி மாதம், "முட்டி வலிக்குது, நீயே ஏத்திடும்மா" என்று தன் மருமகளிடம், என் அண்ணியிடம், சொல்லிவிட்டார். தை வந்த பிறகும் அண்ணிதான் ஏற்றிக்கொண்டிருந்தார். வாராவாரம் அந்த வீட்டுக்குப் போன நான் முட்டிக்குத் தைலம் கொடுத்தேன். உண்மையில் பெரியம்மாவுக்கு உதிரம் மறுபடி பட ஆரம்பித்திருந்தது. தீட்டோடு சாமி விளக்கைத் தொடக் கூடாது. இந்த வயசில் தீட்டு என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதனால் பூஜை அறை வாசற்படியோடு நின்றுகொண்டார். ஒரு வீட்டில் விளக்கேற்றும் கை ஆறு மாதமாக மாறியிருக்கிறது. அது ஒரு நோய்க்குறி என்று செவிலியான எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கருப்பைவாய்ப் புற்று சிறுநீர்ப்பை வரை போயிருந்தது.

இந்த நோயின் பொறுமைதான் என்னை அதிகம் வருத்துவது. ஏறக்குறைய எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். அதைக் கண்டு சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெரும்பாலான பெண்களின் உடம்பிலிருந்து இந்த வைரஸ் ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். சிலரிடம் தங்கிவிடும். தங்கியது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருஷம் எடுக்கும். அத்தனை வருஷமும் தடுப்பதற்கு நமக்கு அவகாசம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 1,30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்யப்பட்ட குழுவில், இந்த நோயால் வந்த சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் 2022 என்ற ஒரே வருஷத்தில் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இதில் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டது, கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனைக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில், மேசைமேல் காலை விரித்துப் படுக்க வேண்டும். "நடவு நாள் நர்சம்மா", "மாமியார் விடமாட்டாங்க", "அம்பாள் பாத்துப்பா" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு பதில். வராதவர்கள் பெயருக்கு நேரே என் பதிவேட்டில் 'மறுப்பு' என்று எழுதினேன். எழுதும்போது கோபம்கூட வந்தது.

பெரியம்மாவின் காரியம் முடிந்து ஒருநாள் அதே கோயிலில் உட்கார்ந்திருந்தேன். தலபுராணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை நிறைமாதக் களைப்பில் கிடந்தபோது, ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சை கேட்டு வாசலில் வந்து நின்றார். அவளால் எழுந்து வர முடியவில்லை. அவமதித்தாள் என்று அவர் சபிக்க, கரு கலைந்தது. அம்பாள் அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாக்கிக் கொடுத்தாள். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டும், பிள்ளை பிழைத்ததோடு எனக்கு நிம்மதி வந்துவிடும். கரு கலைந்த வேதிகையின் உடம்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். கூடவே, வாசலில் வந்து நின்று, எழுந்து வர முடியாதவளின் காரணத்தைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்ன முனிவரிடம் என் பதிவேட்டையும் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மருத்துவக் கல்லூரிக் குழு எங்கள் ஊருக்கு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. மென்மையான சிறு பிரஷ், மூடியுள்ள ஒரு குழாய். பெண் தன் வீட்டுக் குளியலறையில் கையைக் கழுவிக்கொண்டு, பிரஷை உள்ளே செலுத்தி, சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். கருப்பைவாயை எட்ட வேண்டியதில்லை. வைரஸ் இருந்தால் யோனிக் குழாயில் உதிர்ந்து கிடக்கும் செல்களிலேயே அதன் மரபணு கிடைத்துவிடும். இப்படித் தானே எடுத்த மாதிரியை எச்.பி.வி. சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

முதலில் நான் எடுத்தேன். நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்த கை அது. கதவைச் சாத்தியாயிற்று, யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கை நடுங்கியது. நாணம் பிறர் கண்முன் வருவது என்றால், தனியாக நிற்கும் எனக்கு யார் முன்னால் நாணம்? அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன், அது நாணமே இல்லை. அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடுகிறவளுக்கு வரும் பயம். என் உடம்பில் அந்த இடத்தின்மேல் புருஷனுக்குப் பங்கு இருந்தது, பிள்ளைக்கு இருந்தது, வைத்தியத்துக்கு இருந்தது, தீட்டுக்கு இருந்தது. எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஐம்பத்தொன்பது வயது வரை யாரும் சொல்லவில்லை. நானும் ஒருத்திக்கும் சொல்லவில்லை.

"அம்பாள் பாத்துப்பா" என்று சொன்னவர்களுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அம்பாள் பார்த்துக்கொள்வாள்தான். ஆனால் அவள் சந்நிதியில் கொடுத்த எண்ணெயை அவளே வந்து தடவிவிடவில்லை. வலியோடு கிடந்த நான் என் கையால் என் வயிற்றில் தடவினேன். காப்பவள் காவலில் பாதியை அன்றே என் கையில் கொடுத்துவிட்டாள். பிள்ளை பிறந்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டதாக எந்தப் புராணமும் எனக்குச் சொல்லவில்லை.

மேசைச் சோதனைக்கு மூன்று தடவை வர மறுத்த அண்ணி, குழாயை முந்தானையில் மறைத்து வாங்கிப்போய், பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். என் முடிவு நெகட்டிவ். அவருடையது பாசிட்டிவ். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றுதான் முதலில் கேட்டார். தாம்பத்தியத்தின் வழியே பரவும் வைரஸ் இது. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை வந்து போவது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சோதனையால் சொல்ல முடியாது. அது ஒருத்தியின் கற்பைப் பற்றிப் பேசுவதில்லை. பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் ஆகாது. இதையெல்லாம் சொன்ன பிறகும், "எந்த ஜென்மத்து வினையோ" என்றார். நானும் வினையை நம்புகிறவள்தான். "போன ஜென்மத்து வினைக்குப் பலன் உண்டுன்னா, போன வாரம் குளியலறையில செஞ்ச வினைக்கும் உண்டுதானே அண்ணி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் கூட வா" என்றார்.

தன் கையால் ஆவது அதுவரைதான். அதற்குப் பிறகு இன்னொருவர் கையை நம்பி மேசைமேல் படுத்தே ஆக வேண்டும். பாசிட்டிவ் என்று தெரிந்தும் அந்த அடியை எடுக்காவிட்டால் சோதனையால் பயனில்லை. ஆனால் தன் உடம்பைத் தானே ஒருமுறை தொட்டு அறிந்தவள் அந்த மேசைக்கு வேறு மாதிரி வருகிறாள். அண்ணி டாக்டரிடம் தானாகக் கேள்வி கேட்டார். புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த இடத்தைச் சூட்டால் அழித்தார்கள். சில நிமிஷ வேலை. அவ்வளவு நேரமும் என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

சில வாரம் கருப்பைவாயிலிருந்து நீர் கசியும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலை பார்க்கப் போனேன். குளித்துவிட்டு, பெரியம்மா நின்ற அதே வாசற்படியில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதோட விளக்கு ஏத்தலாமா?"

"ஏத்துங்க அண்ணி."

ஏற்றினார்.